ஒற்றைப் பட்டன் விமானம்

எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு துக்கச் செய்தி வந்தது. புதிதாக வரும் மதர்போர்டுகளில், கம்ப்யூட்டரைக் கிளப்பும் பழைய பூட் முறையை அடியோடு எடுத்துவிட்டார்களாம். இனிமேல் டாஸை நேரடியாக ஏற்ற வழியே இல்லையாம். செய்தி போட்டவர் கீழே ஒரு பூமாலைப் படமும் வைத்திருந்தார். விண்டோஸ் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர்களை ஆண்ட அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தே இராத ஓர் இளைஞர் உடனே எழுதினார்: "இதுல யாருக்கு சார் நஷ்டம்? பழைய கேம் வேணும்னா எமுலேட்டர்ல ஓட்டிக்கலாம். புது மெஷின்ல நேரடியா டாஸ் கேம் ஓட்டின ஆள் இந்தக் குரூப்புல யாராச்சும் இருக்கீகளா? சும்மா கேக்கறேன்."

ஓய்வு பெற்றபின் அந்தக் குழுவில் என் பணி காலை வணக்கம் அனுப்புவது ஒன்றுதான். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அங்கே வந்தது அதுவே முதல் தடவை. கட்டைவிரலால் அடித்துப் பார்த்தேன். விரல் வீங்கியதே தவிர விஷயம் முடியவில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் தகுதி. சாக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது மாட்டைப் பிடித்துக்கொள்ளக் கூடத் தைரியம் இல்லாததால் என்னை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் ஸ்க்ரூவைத் தொலைக்காமல் இருக்கவும், தொலைந்துவிட்டால் அது இல்லாமலே மூடவும் கற்றேன். மற்றதையெல்லாம் கஸ்டமர்கள் செலவில் கற்றேன். பிறகு காரைக்குடிக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான். பதவிப் பெயர் 'கஸ்டமர் சப்போர்ட் இன்ஜினியர்'. ஊர் வைத்த பெயர் 'கம்ப்யூட்டர் மெக்கானிக்கு'.

மதுரையில் எனக்கு மேலே இருந்தவர் தங்கராசு சார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சத்தம் போடாமலே ஆளை வழிக்குக் கொண்டுவருவார். அவரிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. புகாரை ஜாப் கார்டில் கஸ்டமர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். எங்கள் மொழிக்கு மாற்றக் கூடாது. ஒருமுறை சிங்கம்புணரி அரிசி ஆலைக்காரர் ஒருவர், "மத்தியானம் ஆனா கம்ப்யூட்டரு கோவிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். நான் நாகரிகமாக 'ஹேங் ஆகிறது' என்று எழுதினேன். தங்கராசு சார் கார்டை என்னிடமே திருப்பித் தந்து, "மத்தியானம்னு அவர் சொன்னதை எங்க போட்டீங்க தம்பி? கோவத்தை எங்க போட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். போய்ப் பார்த்தால், மத்தியானம் ஆலையில் பெரிய மோட்டாரைப் போடுகிறார்கள், வோல்டேஜ் படுத்துவிடுகிறது. "கஸ்டமர் சொல்ற வியாதி எப்பவும் நிஜம். அவர் சொல்ற காரணம் எப்பவும் தப்பு. நாம என்ன பண்றோம், காரணத்தைக் கேட்டுச் சிரிச்சுட்டு வியாதியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடறோம்" என்பார். எனக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். நிஜமாகப் புரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

இனி கேஸுக்கு வருகிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் எத்தனை கதவு என்று வீட்டுக்காரர்களுக்கே தகராறு. பங்காளிகள் எல்லாரும் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று போய்விட, அங்கே குடியிருந்தது இரண்டு பேர். மெய்யம்மை ஆச்சியும் (அந்தப் பக்கம் அக்காவை ஆச்சி என்பார்கள்) அவர் தம்பி சொக்கலிங்கமும். சொக்குவுக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பு சொன்னபடி கேட்காது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். கைகள் தாமாக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். வலது கால் பெருவிரல் ஒன்றுதான் அவர் பேச்சைக் கேட்கும். வாய் அவர் பேச்சை மட்டும்தான் கேட்கும். வேறு யாருக்கும் அடங்காது.

சொக்கு சிறுவனாக இருந்தபோது அவர் அப்பச்சி, அதாவது அப்பா, எங்கள் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கொண்டுபோய் மாட்டியது நான்தான். மகன் விளையாட வேண்டும் என்று மதுரையில் கல்லூரியில் படித்த ஒரு பையனைப் பிடித்து ஒரு கேம் எழுதச் சொல்லியிருந்தார். அந்தப் பையன் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. கும்பிட வேண்டிய மூளை. திரையில் ஒரு குகை ஓடிக்கொண்டே வரும். நடுவில் ஒரு சின்ன விமானம். பட்டனை அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். மேலும் கீழும் பாறைகள். நடுவில் உள்ள சந்துக்குள் நுழைந்து போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பட்டன் என்பது காலிங்பெல் சுவிட்ச். அதை ஒரு மரக்கட்டையில் பதித்து, ஒயரைப் பிரிண்டர் மாட்டும் இடத்தில் சொருகியிருந்தான். பெருவிரலுக்குக் கீழே கட்டையை வைத்தால் சொக்கு விமானி.

அந்த வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்பு நடக்கும். பங்காளி வீட்டார் எல்லாரும் வந்து கூடுவார்கள். பூசை முடிந்து சாப்பாடும் ஆனதும் இளவட்டம் முழுக்க வீட்டின் உள்கட்டுப் பகுதியில் இருக்கும் சொக்குவின் அறைக்குப் போகும். ஆளுக்கு ஒரு ஆட்டம். எல்லாரும் தோற்பார்கள். அதற்குப்பின் சொக்கு ஆடுவார். ஆடிக்கொண்டே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கிழிப்பார். அன்று இளவட்டமாக இருந்தவர்களுக்கு இன்று வழுக்கை விழுந்துவிட்டது. இன்னும் வருகிறார்கள், இன்னும் தோற்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் ஆச்சி போன் செய்தார்.

"அண்ணே, ரிட்டயர்டு ஆயிட்டீகளாம்ல?"

"ஆமாச்சி."

"அப்ப இனியாச்சும் கூப்பிட்ட அன்னைக்கே வருவீக."

போனேன். கம்ப்யூட்டர் செத்திருந்தது. போர்டில் கெப்பாசிட்டர்கள் பணியாரம் மாதிரி உப்பி நின்றன. ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றி, உள்ளே இருந்த கேமை உயிரோடு வெளியே எடுத்தேன். ஆச்சி என்னை முற்றத்துக்குக் கூட்டிவந்து குரலைத் தணித்துச் சொன்னார்.

"பெரியண்ணன் படைப்புக்கு வாராக. மெட்ராஸ்ல ஒரு இடம் பாத்து வச்சிருக்காகளாம். இவன மாதிரி ஆளுகள வச்சுப் பாத்துக்கற இடம். ஏசியெல்லாம் உண்டாம். எனக்கும் வயசாகுதுங்கறாக. அது சரிதான். சொக்கு நல்லா இருக்கான்னா இங்கயே இருக்கட்டும், முன்ன மாதிரி இல்லைன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டாக."

"தம்பி என்ன சொல்றாரு?"

"அங்க போறதுக்கு என்னையக் கொண்டுபோயி நேரா நம்ம வீட்டுக் கொல்லையில புதைச்சிருங்கங்கறான். அண்ணே, படைப்பு அன்னைக்கு அவன் ஆடணும்ணே. அவன் ஆடுறதப் பாத்தா யாருக்கும் கூட்டிட்டுப் போக மனசு வராது."

பெரியண்ணன் லெட்சுமணன், ஒரு பெரிய தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முடிவைத்தான் பேசுவார்.

எனக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. புது லேப்டாப் ஒன்றில் எமுலேட்டர் போட்டேன். எமுலேட்டர் என்பது புதுக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டராக வேஷம் கட்டும் ஒரு புரோகிராம். பட்டனையும் ஒரு அடாப்டர் வழியாக இணைத்தேன். கேம் அழகாக வந்தது. எனக்கே என் மேல் மரியாதை பிறந்தது. சொக்கு ஆடினார். நாலாவது பாறையிலோ ஐந்தாவது பாறையிலோ முட்டினார். மறுபடியும் முட்டினார்.

"மெக்கானிக்கண்ணே, பட்டன் லேட்டா வருது."

"லேட்டா? கண்ணிமைக்கிற நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது தம்பி."

"அப்ப இருக்குங்கறீகள்ல?"

நான் அனுபவசாலி. இந்த மாதிரிக் கஸ்டமருக்கு என்ன மருந்து என்று தெரியும். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, கீபோர்டில் படபடவென்று தட்டினேன். ஒரு அமைப்பையும் மாற்றவில்லை. பெருமூச்சு விட்டு, "இப்பப் பாருங்க" என்றேன். வங்கி மேனேஜர்கள் முதல் தாசில்தார் வரை இதில் குணமாகியிருக்கிறார்கள்.

சொக்கு ஆடக் கூட இல்லை.

"நீங்க ஒண்ணும் செய்யலண்ணே. சும்மா தாளம் போட்டீக. வேலை செய்யிறவுக விட்டு விட்டுத் தட்டுவாக. நீங்க மிருதங்கம் வாசிச்சீக."

ஆச்சி சிரிப்பை அடக்க முந்தானையை எடுத்தார். நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். காரைக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் தங்கராசு சார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. வியாதி நிஜம். காரணம் தப்பாக இருக்கலாம். ஆனால் வியாதி நிஜம்.

வேஷம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நடுவில் விண்டோஸும் இல்லாமல், எமுலேட்டரும் இல்லாமல், டாஸை நேரடியாகப் புது மெஷினில் ஏற்றி, கேமை அதன் மேல் ஓட்டிவிடுவது.

இதில் என்ன கஷ்டம் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அந்தக் காலத்துக் கேம்கள் யாரிடமும் அனுமதி கேட்காது. இன்றைய புரோகிராம், 'ஐயா, பட்டன் அழுத்தியிருக்கிறார்களா?' என்று விண்டோஸிடம் மனுப் போடும். இந்தக் கேம் நேராகப் பிரிண்டர் போர்ட்டின் கதவைத் தட்டி எட்டிப் பார்க்கும். அந்தக் கதவு எண் அதற்கு மனப்பாடம். புதிதாக வாங்கிச் சொருகும் கார்டுகளில் கதவு வேறு எண்ணில் இருக்கும். கேம் பழைய விலாசத்துக்கே போய்த் தட்டிவிட்டு ஆளில்லை என்று திரும்பிவிடும். ஆகவே, பிரிண்டர் போர்ட் மதர்போர்டிலேயே பிறந்ததாக இருக்க வேண்டும். பழைய பூட் முறையும் இருக்க வேண்டும். மெஷினும் புதிதாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்துகிற ஜாதகம் கிடைக்காமல் காரைக்குடி, மதுரை எல்லாம் அலைந்தேன். கடைசியில் எங்கள் தெருமுனைக் கடையிலேயே ஆபீஸ் மாடல் போர்டு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் பிரிண்டர் போர்ட் இல்லை. ஆனால் போர்டின் ஓரத்தில், யாரும் கேட்காத இரண்டு வரிசைக் கம்பிகளாக அது அப்படியே நின்றது. தயாரித்தவர்களுக்கே அதை ஏன் விட்டுவைத்தோம் என்று தெரிந்திருக்காது.

பென் டிரைவில் டாஸை வைத்து, சுவிட்சைத் தட்டினேன். கையை எடுப்பதற்குள் கறுப்புத் திரையில் சி என்ற எழுத்தும் ஒரு கோடும் துடித்துக்கொண்டு நின்றன.

வாழ்நாள் முழுக்க இதே வேலை பார்த்தவன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வகைப் புராசசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது, நான் பயிற்சியில் படித்தேனே, அந்தப் பழைய சிப்பாகத்தான். அதே சின்ன நினைவகக் கணக்கு, அதே கட்டளைகள். பிறகுதான் 'ஓ, நான் வளர்ந்துவிட்டேனே' என்று ஞாபகம் வந்து பெரிய ஆளாக மாறிக்கொள்கிறது. டாஸ் வந்தால் மாறாமல் அப்படியே நின்றுவிடுகிறது. மணல் அளவுக்குள் கோடிக்கணக்கில் சுவிட்சுகளை அடுக்கியவர்கள், தலைமுறை தலைமுறையாக, அந்த முதல் நொடியை மட்டும் கலைக்காமல் விட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாத மதுரைப் பையன் எழுதிய வரி ஒவ்வொன்றும் அதற்கு இன்னும் புரிகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மனைவி, "என்ன, அதுவும் ரிப்பேரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றாள்.

பரவசத்தோடு கேமை ஓட்டினேன். 'டிவைட் எர்ரர்' என்று ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. கேம் தொடங்கும்போது, 'நீ எவ்வளவு வேகம்?' என்று மெஷினைக் கேட்டு, அதற்கேற்பத் தன் நடையை அமைத்துக்கொள்ளும். பழைய மெஷின் சொன்ன பதில் ஒரு டம்ளரில் கொண்டது. புது மெஷின் சொன்ன பதில் கண்மாய்த் தண்ணீர். டம்ளரில் ஊற்றினால் என்ன ஆகும்? இந்த வியாதிக்கு ஊரறிந்த ஒரு வைத்தியம் உண்டு. கேமில் ஒரு சின்ன இடத்தைத் திருத்தும் புரோகிராம். அதைப் போட்டதும் குகை வந்தது. விமானம் சரியான வேகத்தில் பறந்தது. நான் ஆடினேன். முதல் பாறையில் செத்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

படைப்புக்கு இரண்டு நாள் முன்னால் கானாடுகாத்தான் போனேன். ஆச்சி படைப்புச் சாமான்களுக்காகச் சமையல்காரரோடு வாதம் செய்துகொண்டிருந்தார். அறையில் சொக்குவும் நானும்தான். மெஷினை வைத்தேன், பெரிய மானிட்டரை அவர் முகத்துக்கு நேரே வைத்தேன், விரலுக்குக் கீழே கட்டையை வைத்தேன். கேமை ஓட்டினேன். குகை பளீரென்று வந்தது. அந்த நிறங்களை அவ்வளவு பளிச்சென்று நானே பார்த்ததில்லை. விமானம் நடுவில் நின்று, பட்டனுக்காகக் காத்திருந்தது.

சொக்குவும் காத்திருந்தார்.

நான் ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"என்னண்ணே," என்றார் சொக்கு, "ஆன் பண்ணிட்டீகளா இல்லையா?"

திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்தது என்று எழுத ஆசைதான். புரியவில்லை. "முன்னாடிதான இருக்கு தம்பி" என்றேன்.  சொக்கு விரலை அழுத்தினார். விமானம் ஏறி, மேலே இருந்த பாறையில் முட்டியது. அப்போதும் விரலை எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் மாடல் போர்டுகளில் ஸ்பீக்கர் கிடையாது. பழைய கேம்களின் பீப் சத்தம் போர்டில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருவது. அது சோற்றுக்கு ஊறுகாய் போல, இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இவருக்கு அதுதான் சோறு.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"கொஞ்ச கொஞ்சமாப் போச்சுண்ணே. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு தெரியும். அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட..."

"பாத்தாச்சு. நரம்பு போச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. ஆச்சி வெளிய உக்காந்திருந்தா. கண்ணாடி மாத்தணும்னு சொன்னதாச் சொல்லிட்டேன். புதுக் கண்ணாடி வேற வாங்கிக் குடுத்தா, பாவம்." தலையைத் திருப்பி, ஆச்சியின் குரல் தூரத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். "இது அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் மெட்ராஸ்லதான். இந்த வீட்டுல எனக்கு எல்லாம் சத்தத்துல தெரியும்ணே. எந்தக் கதவு, யாரு நடை, மழை எந்தத் தாழ்வாரத்துல விழுகுது, எல்லாம். அங்க போனா நான் முழுக் குருடன். ஆச்சிகிட்டக் கூடச் சொல்லாதீக."

சொல்ல மாட்டேன் என்றேன். செத்துப்போன பழைய கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த ஸ்பீக்கரைப் பிடுங்கினேன். புளியங்கொட்டை நிறம், உள்ளங்கை அளவு. புது போர்டில் அதற்கு என்று நாலு கம்பி நின்றன. சொருகினேன்.

கேம் பாடியது. விமானம் ஏற ஏறச் சுருதி ஏறும். இறங்க இறங்க இறங்கும். பாறை நெருங்கும்போது ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்கின் சுருதி, சந்து எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும். விமானத்தின் சுருதியைச் சந்தின் சுருதியோடு சேர்த்தால் தாண்டிவிடலாம். மதுரைப் பையன் விளையாட்டாக வைத்ததை, இவர் ஒவ்வொரு வருடமாகக் கண்ணுக்கு மாற்றாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். எமுலேட்டரில் பட்டன் லேட் இல்லை. எமுலேட்டர் சத்தத்தைச் சேர்த்து வைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் வெளியே விடும். கண்ணால் ஆடுகிற நமக்கு அது தெரியாது. அவருக்கு ஒவ்வொரு பாறையும் நேற்றைய செய்தியாக வந்திருக்கிறது. இந்தப் புது மெஷினில் நடுவே யாரும் இல்லை. சிப் சொல்கிறது, ஸ்பீக்கர் பேசுகிறது.

சொக்கு ஆடினார். நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பூச்சி மாதிரி தொட்டும் தொடாமலும் இருந்தது. சமையல்கட்டில் ஆச்சியின் வாதம் முடிந்தது. ஆட்டம் முடியவில்லை.

"இப்பச் சரியா?" என்றேன்.

"இப்பத்தான் வேலை செஞ்சிருக்கீக."

படைப்பு அன்று மின்சாரத்தை நம்பக் கூடாது என்று நான் ஒரு யூபிஎஸ் கொண்டுபோயிருந்தேன். பூசை, பந்தி எல்லாம் ஆனபின் அறைக்குள் கூட்டம் நெருக்கியது. உள்கட்டு அறை, பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஒவ்வொருவராக ஆடினார்கள், செத்தார்கள். பெங்களூரில் பெரிய கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பங்காளி பழனியப்பன் பத்துப் பாறை தாண்டியதும் கைதட்டல். லெட்சுமணன் கடைசியாக வந்து கதவோரம் நின்றார். ஆச்சி அவருக்குப் பின்னால் நின்றார்.

சொக்கு ஆரம்பித்தார். ஆடிக்கொண்டே, "பழனியப்பா, போன வருசத்துக்கு இந்த வருசம் தேவல. ஒரு பாறை கூட. இந்த வேகத்துல போனா உன் பேரன் என்னைய ஜெயிச்சுருவான்" என்றார். அறை சிரித்தது.

சிரிப்பின் நடுவில் கரண்ட் போனது.

விளக்கு, ஃபேன், மானிட்டர் எல்லாம் அணைந்தன. கம்ப்யூட்டர் மட்டும் அணையவில்லை. பீப் ஓடிக்கொண்டே இருந்தது. யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு வகைச் சாக்கெட்டுகள் உண்டு. ஒன்றில் பாட்டரி உதவி உண்டு, மற்றதில் கிடையாது. மாற்றிச் சொருகாதீர்கள் என்று நான் என் வாழ்நாள் முழுக்கக் கஸ்டமர்களைத் திட்டியிருக்கிறேன். மானிட்டரைத் தப்பான சாக்கெட்டில் சொருகியிருந்த மேதை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு யூபிஎஸ் வேறு தன் அபாயச் சங்கை ஊத ஆரம்பித்தது.

இருட்டில் கேமின் பாட்டும் யூபிஎஸ்ஸின் ஓலமும் கலந்து கேட்டன. சொடுக்கு. சுருதி ஏறியது. தாண்டினார். சொடுக்கு. இறங்கியது. தாண்டினார்.

"சொக்கண்ணே," என்றார் பெங்களூர்க்காரர் மெதுவாக, "ஸ்கிரீன் போயிருச்சுண்ணே."

விரல் நிற்கவில்லை. இன்னொரு பாறை போனது. 

"எனக்கென்னடா அதுக்கு?" என்றார் சொக்கு. "வெளிச்சம் இருந்தாத்தான் ஆடுவேங்கற ஆளுக எல்லாம் தோத்து முடிச்சாச்சுல்ல. யாராச்சும் அந்த நாயி ஊளையிடறத நிறுத்துங்கப்பா."

நான் தவழ்ந்துபோய் யூபிஎஸ்ஸின் வாயை அடைத்தேன். அதன்பின் அந்த அறையில் இருந்தது ஒரு புளியங்கொட்டை ஸ்பீக்கரின் குரல் மட்டும். யாரோ செல்போன் வெளிச்சத்தைப் போட, மற்றவர்கள் அணைக்கச் சொன்னார்கள். அத்தனை பேரும் காதால் குகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சொடுக்கு எங்கே வரும் என்று எனக்கும் தெரிய ஆரம்பித்த மாதிரி இருந்தது. அப்போதே தெரியாமலும் போனது. அவ்வளவு வேகத்தில் அவர் போய்க்கொண்டிருந்தார். கோவிலில் கூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

கரண்ட் வந்தது. மானிட்டர் விழித்தபோது, இதுவரை யாரும் போகாத ஆழத்தில், மூச்சுவிடக் கூட இடமில்லாத சந்துக்குள் விமானம் போய்க்கொண்டிருந்தது. பத்துப் பாறைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

லெட்சுமணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சொக்குவின் முகத்துக்கும் திரைக்கும் நடுவில் தன் கையை நீட்டி, மெல்ல ஆட்டினார். சொக்குவின் இமை அசையவில்லை. விமானம் அடுத்த பாறையையும் தாண்டியது. மற்றவர்கள் கண்ணெல்லாம் திரையில் இருந்தது; அந்தக் கையைப் பார்த்தது, கிட்டத்தில் நின்ற நானும் கதவோரம் நின்ற ஆச்சியும்தான். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் லெட்சுமணன்.

சொக்குவின் விரல் தவறியது. விமானம் முட்டியது.

"எதுண்ணே, இந்த ஸ்கோரா?" என்றார் சொக்கு. குரலில் கேலி இருந்தது. விரல் மட்டும் இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

 லெட்சுமணன் மெஷினைச் சுற்றிவந்து பின்பக்கம் பார்த்தார். யூபிஎஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போனா அங்க ஓடுமா?"

ஓடும். ஒரு பையில் போட்டால் உலகத்தில் எங்கேயும் ஓடும். ஆச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொக்குவின் தலை என் குரல் வரும் பக்கமாகத் திரும்பி நின்றது.

"ஓடாது சார்" என்றேன். "இது பழைய சர்க்யூட்டு. எர்த்து ரொம்ப முக்கியம். இந்த வீட்டுல கிணத்தடியில செம்புத் தகடு போட்டு எர்த்து எடுத்திருக்காக. அந்த எர்த்து இருந்தாத்தான் இந்த பீப் சுத்தமா வரும். வேற எடத்துக்குப் போனா சத்தம் கெட்டுரும்."

என் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமர்களிடம் எத்தனையோ உளறியிருக்கிறேன். இவ்வளவு கேவலமான உளறலை, அதுவும் ஆயுள் முழுக்க எர்த்துப் போட்டே சம்பளம் வாங்கிய மனிதரிடம், உளறியதில்லை. லெட்சுமணன் என்னைப் பார்த்தார். 

"கிணத்தடி எர்த்து" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப நகத்த முடியாது."

"நகத்தவே முடியாது சார்."

அவர் தம்பியின் தோளில் ஒரு கணம் கையை வைத்து எடுத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"மெய்யம்மை, அந்த எர்த்துக் குழிக்குத் தண்ணி ஊத்தி வருசக் கணக்காயிருக்கும். காஞ்சு போயிருச்சுன்னா சத்தம் கெட்டுருமாம். ரெண்டு வாளி ஊத்தச் சொல்லு."